குழந்தையின் முதுகு வளைவு: சீட்டில் என்ன எழுதியிருக்கணும்?

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் இருந்து நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, காரவள்ளி அடிவாரம் வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும். கைக்குழந்தையோட போய் வந்தா ஒரு நாள் கூலி போயிடும். அங்கே போனதும் "பழைய எக்ஸ்ரே எங்கே? முதல்ல பார்த்த டாக்டர் என்ன எழுதினார்?" என்று கேட்பார்கள். கையில் எதுவும் இல்லைன்னா எல்லாம் மறுபடி முதல்ல இருந்து. முதுகு வளைவு உள்ள குழந்தைக்கு இந்தத் தாமதம் நல்லதல்ல.

இது என்ன நோய்?

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரேயில் அளக்கும் 'காப் கோணம்' 10 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்தப் பெயர் வைப்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது முதுகில் ஒரு பக்கம் மேடாகத் தெரியலாம். குழந்தை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கலாம். உருவி விட்டு நேராக்கப் பார்க்காதீங்க. கிராம சுகாதார நர்ஸம்மாவிடம் காட்டுங்க. ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

பார்க்க ஒன்று, குறியீடு வேறு

ஒவ்வொரு நோய்க்கும் உலக சுகாதார நிறுவனம் ஒரு குறியீடு வைத்திருக்கிறது. அதற்கு ஐசிடி-10 என்று பெயர். கைக்குழந்தையின் முதுகு வளைவுக்குப் பொதுவாக இவற்றில் ஒன்று வரும்:

- எம்41.0: 3 வயதுக்குள் தெரியவரும், காரணம் தெரியாத வளைவு. எலும்பின் உருவம் சரியாக இருக்கும். இதில் பல குழந்தைகளுக்குத் தானாகவே நேராகிவிடும். சிலருக்கு அதிகமாகி நுரையீரல் வளர்ச்சியைப் பாதிக்கும்.
- கியூ76.3: பிறக்கும்போதே முதுகெலும்பு சரியாக உருவாகாததால் வரும் வளைவு. இவர்களுக்கு இதயம், சிறுநீரகம் இரண்டையும் சேர்த்துப் பரிசோதிக்கணும்.
- கியூ67.5: பிறவி வளைவு, எலும்புக் குறை என்று உறுதியாகாதது.
- எம்41.4: நரம்பு அல்லது தசை நோயால் வரும் வளைவு.

குறியீடு போடுகிறவர் குழந்தையைப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே பார்த்து முடிவு செய்வதும் இல்லை. டாக்டர் எழுதிய வார்த்தையை வைத்துத்தான் போடுகிறார். வெறும் 'முதுகு வளைவு' என்று எழுதியிருந்தால் சரியான குறியீடு போட வழியில்லை. அடுத்துப் பார்க்கும் டாக்டருக்கும் எதைத் தேடணும் என்று தெரியாது.

சீட்டில் இருக்க வேண்டிய ஆறு விஷயம்

1. குழந்தையின் வயது, முதலில் கவனித்த மாதம்
2. எந்தப் பக்கம், எந்த இடம் (உதாரணம்: மார்புப் பகுதி, இடது பக்கம்)
3. காப் கோணம், எக்ஸ்ரே எடுத்த தேதி
4. படுக்க வைத்து எடுத்ததா, உட்கார வைத்து எடுத்ததா
5. எலும்பு உருவம், நரம்புப் பரிசோதனை எப்படி இருக்கிறது
6. நோயின் முழுப் பெயர், அடுத்து வர வேண்டிய தேதி

நான்காவது ஏன் முக்கியம்? ஒரே குழந்தைக்குப் படுத்தால் ஒரு கோணம், உட்கார்ந்தால் இன்னொரு கோணம் காட்டும். அளப்பதிலேயே 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். போன தடவை 22, இந்தத் தடவை 26 என்றால் வளைவு கூடிவிட்டது என்று உடனே பயப்பட வேண்டாம். 22, 38 என்றால் காத்திருக்கக் கூடாது. பழைய எண் இருந்தால்தான் இது தெரியும்.

லண்டனில் பணியாற்றிய டாக்டர் மின் மேத்தா, விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் கோணம் இரண்டு பக்கமும் எவ்வளவு வேறுபடுகிறது என்று அளக்கும் முறையை 1972-இல் வெளியிட்டார். வித்தியாசம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேலே இருந்தால் கூடும் வாய்ப்பு அதிகம். இதையும் பழைய எக்ஸ்ரேயிலேயே அளக்கலாம். கூடும் வளைவுக்கு மாவுக்கட்டு சிகிச்சை உண்டு. சின்ன வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

சீட்டில் நோயின் பெயருக்கு முன் கேள்விக்குறி இருந்தால் 'சந்தேகம், உறுதியாகவில்லை' என்று பொருள். "எப்போ உறுதியாகும் டாக்டர்?" என்று கேளுங்க, தப்பில்லை. குறியீடு தப்பு என்று தோன்றினால் நீங்களே திருத்தாதீங்க; டாக்டரிடம் சொல்லித் திருத்தி வாங்குங்க.

பெயரில் கவனம்

பிறந்தவுடன் எடுத்த பதிவில் அம்மா பெயரைப் போட்டு 'பேபி ஆஃப்' என்று இருக்கும். பிறகு குழந்தைக்குப் பெயர் வைத்துவிடுவோம். இரண்டும் ஒரே குழந்தை என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால், பிறப்பைப் பதிந்த நாளில் இருந்து 12 மாதத்துக்குள் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்துவிடுங்க. அதற்குக் கட்டணம் இல்லை. கர்ப்பக் காலத்தில் கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைச் சீட்டு எல்லாவற்றிலும் எழுதச் சொல்லுங்க.

போனில் இப்படி வையுங்க

- எக்ஸ்ரே பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தேதியும் பெயரும் தெரியும்படி போட்டோ எடுங்க. பிலிமை மடிக்காதீங்க, தூக்கிப் போடாதீங்க.
- சீட்டுகளை டிஜிலாக்கரில் ஏற்றிவிட்டால், போன் தொலைந்தாலும் சீட்டு தொலையாது.
- மலையில் சிக்னல் நம்ப முடியாது. போனிலேயே ஒரு பிரதி வையுங்க.

காப்பீடு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சிகிச்சைக்கு முன் அனுமதி தருகிறவர்கள் உங்க குழந்தையைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். நோயின் பெயர், குறியீடு, எக்ஸ்ரே மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லணும். எந்தச் சிகிச்சை திட்டத்தில் வரும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு உதவி மையத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்க.

காப்பீட்டுத் திட்ட உதவி: 1800 425 3993. மருத்துவ ஆலோசனை: 104. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

அடுத்த தடவை மலை இறங்கும் முன் சீட்டை ஒரு முறை எடுத்துப் பாருங்க. ஆறு விஷயமும் இருக்கா?