எஸ்.பி.எம்.: "எத்தனை ஏ?" என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி



எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி "எத்தனை ஏ?" என்பதுதான். சில வாரம் கழித்துக் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா நடக்கும். எட்டு ஏ, ஒன்பது ஏ எடுத்தவர்கள் மாலை போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள். நல்ல விஷயம், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே நாளில் இன்னொரு மாணவர், ஆறேழு பாடத்தில் தேறியும் சான்றிதழ் இல்லாமல் வீட்டுக்குப் போகிறார். அவரை யாரும் விசாரிப்பதில்லை. அவரும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்வதில்லை. இந்த மாதப் பாடம் அவருக்காக. இப்போது நான்காம், ஐந்தாம் படிவத்தில் இருக்கும் உங்களில் ஒருவர்கூட அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக.

1. சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

இதைப் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். "நிறைய பாடத்துல பாஸ் பண்ணா சர்ட்டிபிகேட் கிடைச்சிடும்" என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற இரண்டு பாடங்களில் கட்டாயம் தேற வேண்டும். ஒன்று மலாய்மொழி (1103). மற்றொன்று வரலாறு (1249). முன்பு மலாய்மொழி மட்டும்தான் நிபந்தனையாக இருந்தது. 2013 முதல் வரலாறும் சேர்ந்துகொண்டது.

இந்த இரண்டில் ஒன்று போனாலும் கையில் தேர்வு முடிவுத் தாள் இருக்கும், சான்றிதழ் இருக்காது. கணிதத்தில் ஏ இருக்கலாம், தமிழில் ஏ பிளஸ் இருக்கலாம். அவை அந்தத் தாளில் நிற்கும், அவ்வளவுதான்.

அறிவியல் பிரிவு மாணவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். நான் பொறியியல் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர இயற்பியலும் கூடுதல் கணிதமும்தான் வாசல் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்த வாசலுக்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. டியூஷன் பணம் முழுவதும் ஆட் மேத்ஸுக்கும் பிசிக்ஸுக்கும் போகிறது. வரலாற்றுப் புத்தகம் தேர்வுக்கு முந்தின வாரம்தான் திறக்கப்படுகிறது. இதுதான் ஆபத்து.

2. கிரேடு என்ன சொல்கிறது?

எஸ்.பி.எம். கிரேடுகள் பத்து: ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, ஈ, கடைசியாக ஜி. 'ஈ' வரை தேர்ச்சி. 'ஜி' என்றால் தோல்வி. 'சி'யும் அதற்கு மேலும் எடுத்தால் அது கிரெடிட்.

தேர்ச்சிக்கும் கிரெடிட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இப்போதே மனத்தில் வையுங்கள். சான்றிதழுக்குத் தேர்ச்சி போதும். மேற்கொண்டு படிக்க கிரெடிட் வேண்டும். பொதுவான குறைந்தபட்ச அளவு இதுதான்:

- சான்றிதழ் நிலைப் படிப்புக்கு 1 கிரெடிட்
- டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட்
- பல்கலைக்கழக அடிப்படைப் படிப்புக்கு 5 கிரெடிட்

ஒவ்வொரு கல்லூரியும் துறையும் இதற்கு மேல் தனி நிபந்தனை வைக்கும். அரசாங்கத்தில் நிரந்தர வேலை பலவற்றுக்கு மலாய்மொழியில் கிரெடிட் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும், ஆனால் அதன்பின் பல கதவுகளில் ஆங்கிலத்தையும் கேட்பார்கள். ஆக, சாதாரண மாணவர் ஒருவர் முதலில் குறி வைக்க வேண்டியது ஒன்பது ஏ அல்ல. மலாய்மொழி, வரலாறு இரண்டிலும் தேர்ச்சி, எப்படியாவது மூன்று கிரெடிட். இந்தக் குறியை எட்டியவருக்கு டிப்ளோமா வரை வழி இருக்கிறது. அதற்கு மேல் எடுப்பதெல்லாம் லாபம்.

3. தேர்வு மண்டபத்துக்கு முன்பே தேர்வு தொடங்கிவிடுகிறது

எழுத்துத் தேர்வு தொடங்கும் நாளைத்தான் எல்லாரும் நாட்காட்டியில் வட்டம் போடுகிறார்கள். ஆனால் 2021 முதல் நடப்பில் உள்ள அமைப்பில் மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துத் தாள்களோடு பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் உண்டு. இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுப்பவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் செய்முறைத் தேர்வு இருக்கிறது. பேச்சுத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வுக்கு முன்னரே நடந்து முடிந்துவிடும். "பேச்சு தானே, பாத்துக்கலாம்" என்று அன்றைக்கு வீட்டில் இருந்துவிட்டால், அந்தப் பாடத்தின் ஒரு பகுதியை நீங்களே கழற்றி வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மலாய்மொழியில் தடுமாறும் மாணவருக்குப் பேச்சுத் தேர்வு பயமான இடம். அதே சமயம் உதவும் இடமும் அதுதான். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, ரிமூவ் வகுப்பையும் கடந்து வந்த பலருக்கு எழுத்தில் பிழை வரும், ஆனால் கடையிலும் திடலிலும் மலாய் சரளமாகப் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால், கொச்சையைக் குறைத்து முழு வாக்கியமாகப் பேசினால், அது மதிப்பெண். இதற்கு டியூஷன் வேண்டாம். நண்பர்கள் இருவர் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடம் ஒரு தலைப்பைப் பற்றிப் பேசினால் போதும்.

இன்னொன்று: தேர்வுக்குப் பதிவு செய்ததும் உங்களுக்கு ஒரு பதிவுத் தாள் வரும். பெயர், மைகார்டு எண், எடுக்கும் பாடங்கள் எல்லாம் அதில் இருக்கும். வாங்கினோம், பையில் வைத்தோம் என்று விடாதீர்கள். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுப்பவர்கள் அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று அன்றே பாருங்கள். இல்லையென்றால் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். தேர்வு நாளில் அந்தத் தாளும் மைகார்டும் கட்டாயம் கையில் வேண்டும்.

4. வருகைக் கணக்கு

காரணமின்றிப் பள்ளிக்கு வராதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும் முறை இரண்டு வகை.

தொடர்ந்து வராவிட்டால்: 3 நாளில் முதல் கடிதம், அதன்பின் 7 நாளில் இரண்டாவது, மேலும் 7 நாளில் கடைசிக் கடிதம், மேலும் 14 நாளில் பள்ளியிலிருந்து நீக்கம். மொத்தம் 31 நாள்.

விட்டு விட்டு வராவிட்டால்: 10 நாளில் முதல் கடிதம், 20-இல் இரண்டாவது, 40-இல் கடைசி, 60-இல் நீக்கம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு மாணவர் வார இறுதியில் உணவுக்கடையில் இரவு வேலை செய்கிறார். களைப்பில் திங்கட்கிழமை மட்டும் எழுந்திருக்க முடியவில்லை. "வாரத்துக்கு ஒரு நாள் தானே." பத்து வாரத்தில் முதல் கடிதம் வீட்டுக்கு வந்துவிடும். அது மட்டுமா? திங்கட்கிழமை அட்டவணையில் வரலாறு இருந்தால், வாரம் தவறாமல் அதே பாடம் போகிறது. பத்து திங்கள், பத்து வரலாற்று வகுப்பு. சான்றிதழுக்குக் கட்டாயமான பாடத்தை அவர் தெரியாமலேயே இழந்துகொண்டிருக்கிறார். கடிதத்தை விட இதுதான் பெரிய நஷ்டம்.

வீட்டுக் கஷ்டத்தால் வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை வேண்டியிருந்தால், மறுநாள் பள்ளி இருக்கும் இரவுகளில் மட்டும் வேண்டாம் என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். ஆலோசக ஆசிரியரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் பள்ளி உதவ முடியும்.

உடம்பு சரியில்லை என்றால் கிளினிக் எம்.சி., வேறு காரணம் என்றால் பெற்றோர் கடிதம். இரண்டையும் பள்ளிக்குத் திரும்பும் அன்றே கொடுங்கள். தைப்பூசம் எல்லா மாநிலத்திலும் பொது விடுமுறை கிடையாது. வெளியூர் போய்க் காவடி எடுப்பவர்கள் முன்கூட்டியே பள்ளிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். சாமி காரியத்துக்குப் போனவர் பெயர், காரணமின்றி வராதவர் பட்டியலில் ஏன் இருக்க வேண்டும்?

5. புறப்பாடமும் கணக்கில் உண்டு

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கல்விக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. பள்ளியில் புறப்பாடத்தை மதிப்பிடும்போது வருகை, ஈடுபாடு, பொறுப்பு, சாதனை எல்லாம் பார்க்கப்படுகின்றன. பதக்கம் வெல்ல எல்லாராலும் முடியாது. ஆனால் சீருடை இயக்கத்துக்கும் தமிழ்மொழிக் கழகத்துக்கும் தவறாமல் போவது யாராலும் முடியும். அந்த மதிப்பெண் வந்து நிற்பவருக்குத்தான்.

6. 20 பாடம், 20 வாரம்

வரலாறு பயமுறுத்தக் காரணம் அது நீளம். நான்காம் படிவத்தில் 10 பாடம், ஐந்தாம் படிவத்தில் 10 பாடம். இரண்டு ஆண்டுப் பாடமும் தேர்வில் வரும். தாள் ஒன்றில் 40 தேர்வு விடைக் கேள்விகள். தாள் இரண்டில் அமைப்புக் கேள்விகளும் கட்டுரையும்.

வாரத்துக்கு ஒரு பாடம் என்றால் 20 வாரம். ஐந்து மாதத்துக்குள் முழுப் புத்தகமும் முடிந்துவிடும். முறை எளிது:

- திங்கள், செவ்வாய்: பாடத்தை மெதுவாக வாசிப்பது. புரியாத மலாய்ச் சொல்லுக்குத் தமிழில் பொருள் எழுதுவது. இதில் மலாய்மொழியும் வளரும்.
- புதன், வியாழன்: ஒரே பக்கத்தில் காரணம், நிகழ்வு, விளைவு என்று மூன்று கட்டம் போட்டு எழுதுவது.
- வெள்ளி: பழைய கேள்விகளில் அந்தப் பாடத்துக்குரியவற்றைச் செய்து பார்ப்பது.

வெறும் தேதியாக மனனம் செய்தால் மறந்துவிடும், தொடர்பாகப் படியுங்கள். மலாயன் யூனியனை மக்கள் எதிர்த்ததால் 1948-இல் மலாயா கூட்டரசு வந்தது. 1955 தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. அந்த வெற்றியோடு சுதந்திரப் பேச்சு வலுத்தது, 1957-இல் சுதந்திரம், 1963-இல் மலேசியா. அந்த 1955 கூட்டணியில் துன் சம்பந்தன் தலைமையில் ம.இ.கா.வும் இருந்தது. இது நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் வாழ்ந்து பார்த்த காலம். அவர்கள் இருந்தால் கேளுங்கள். கேட்டுப் படித்த வரலாறு மறக்காது.

48 நாள் விடாமல் விரதம் இருக்கத் தெரிந்த பிள்ளைகள் நாம். அந்தக் கட்டுப்பாட்டை வாரம் ஒரு பாடத்துக்கும் கொடுக்க முடியாதா?

7. தவறிப்போனவருக்கு

மலாய்மொழியிலோ வரலாற்றிலோ தவறியவர்களுக்கு மறுதேர்வு இருக்கிறது. முழு எஸ்.பி.எம்.-ஐயும் திரும்ப எழுத வேண்டியதில்லை, தவறிய பாடத்தை மட்டும் எழுதலாம். பள்ளியை விட்டு வந்தவர்களும் தனியார் பரிட்சார்த்தியாகப் பதிவு செய்யலாம். பதிவுக்குக் கெடு உண்டு என்பதால், முடிவு வந்த வாரமே பழைய பள்ளியிலோ மாநிலக் கல்வி இலாகாவிலோ விசாரியுங்கள். "வேலைக்குப் போயிட்டேன், இனி எதுக்கு?" என்று விடாதீர்கள். ஒரு பாடத்தால் நின்றுபோன சான்றிதழ், ஒரு பாடத்தால் திரும்பக் கிடைக்கும்.

8. நம் கிளைகளுக்கு ஒரு வேலை

பாராட்டு விழா நடத்துவதற்கு முன் ஒரு பட்டியல் எடுப்போம். நம் வட்டாரத்தில் ஐந்தாம் படிவத்தில் யார் யார், அவர்களில் வரலாற்றிலும் மலாயிலும் தடுமாறுபவர் யார்? ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் மண்டபம் காலியாகத்தானே இருக்கிறது? ஒரு மணி நேரம் வரலாறு, அரை மணி நேரம் மலாய்ப் பேச்சு. சொல்லிக் கொடுக்க உயர்கல்விக்கூட மாணவர்களாகிய நாங்கள் இருக்கிறோம். முடிவு வந்ததும் அதே பட்டியலை எடுத்து, சான்றிதழ் கிடைக்காதவர் வீட்டுக்கும் போவோம், மறுதேர்வுப் பாரத்தோடு.

உங்களுக்குப் பயிற்சி

ஒரு தாளில் விடை எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

1. இந்த ஆண்டு இதுவரை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை? அதில் எத்தனைக்குக் கடிதம் கொடுத்தீர்கள்?
2. கடைசியாக எழுதிய பள்ளித் தேர்வில் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் என்ன கிரேடு?
3. கிரெடிட் உறுதி என்று சொல்லக்கூடிய மூன்று பாடங்கள் எவை?
4. இந்த வாரம் வரலாற்றில் எந்தப் பாடம் படிக்கப் போகிறீர்கள்?
5. உங்களோடு சேர்த்து யாரை அழைத்து வரப் போகிறீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு பெயர் கட்டாயம் வேண்டும்.