அனுபவம் கோப்பில் உறங்க வேண்டாம்

கிராம மேம்பாட்டுத் திட்டமொன்றில் வட்டார ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். களப்பணியாளர்கள் கற்றதை ஒருவருக்கொருவர் பகிர்வதே இல்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, விழுப்புரம்

மாதக் கூட்டத்தில் முதல் அரை மணியை இதற்கென்றே ஒதுக்குங்கள், அம்மா. ஒருவர் மட்டும் பேசட்டும்: என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை எதை மாற்றுவோம்? தவறைச் சொன்னவரைக் கண்டித்தால் மறுமாதம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிறகு, பேசியவர் பணியாற்றும் ஊருக்கே மற்றவர்களை அழைத்துப் போங்கள். அங்குள்ள மகளிர் குழுவினரே விளக்கட்டும். பகிர்வது உடனே பயன்படுவதாகவும் இருக்கட்டும். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய கிராம அறிவு மையத் திட்டத்தில், வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கேட்பவருக்கு அன்றே பயன்படும் செய்திக்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். முதல் கூட்டத்தில் உங்கள் அனுபவத்தைச் சொல்லி நீங்களே தொடங்கிவையுங்கள்.