வேண்டுதலும் இறைபணியும்

சிவமயம்

சைவ நன்மக்கள் நாடோறும் திருக்கோயிலுட் புகுந்து, கைகுவித்து நின்று, தத்தம் குறைகளை இறைவன் திருமுன் விண்ணப்பித்துக்கொள்ளுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாம். பிணி நீங்க வேண்டுவாரும், மகப்பேறு வேண்டுவாரும், கல்வியும் தொழிலும் வேண்டுவாரும் என அவ்வேண்டுதல் பலதிறப்படும். வேண்டியது கைகூடியவழி மகிழ்ந்து வழிபாட்டைப் பெருக்குதலும், கைகூடாதவழி உள்ளந் தளர்ந்து வழிபாட்டையே கைவிடுதலும் பலர்மாட்டுக் காணப்படுகின்றன. இவ்விரண்டனுள் பின்னைய நிலையை உற்றார் ஒருவர் அண்மையில் நம்மிடம் வந்து நிகழ்த்திய வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அவர் நம்பாற் சில ஆண்டு சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்ட மாணாக்கர். தம் அன்னையார் நோயுற்றுக் கிடந்த எட்டுத் திங்களும் ஒருநாளேனும் தவறாது திருக்கோயிலை வலம்வந்து, அவர் பிழைத்தெழுமாறு வேண்டினார். மருத்துவமும் குறைவறச் செய்தார். அன்னையாரோ சிவபதம் எய்தினார். அதன்பின் அவர் கோயிலுக்குச் செல்லுதலை ஒழித்தார். மேற்கொண்டிருந்த கல்வியையும் இடையே நிறுத்தினார். ஒருநாள் மாலை நம்மிடம் வந்து, “ஐயா, வினைப்பயன் நுகர்ந்தே கழியவேண்டுமாயின் வேண்டுதல் எற்றுக்கு? வேண்டுதல் பயன்படுமாயின் அடியேன் வேண்டுதல் என்னாயிற்று? இனி எதன்பொருட்டு நான் முயலுதல் வேண்டும்?” என்றார். அது வாதம் செய்யும் விருப்பத்தாற் கேட்ட வினா அன்று. புண்பட்ட நெஞ்சத்தினின்று எழுந்தது. ஆகலின், அப்பொழுதே நூற்பொருளை எடுத்து விரித்தல் தகாதெனக் கருதி, அவரை உடனிருத்தி உணவருந்தச் செய்து விடுத்தோம். அவர்க்குச் சொல்லக் கருதியவற்றை, அவர்போல் வருந்துவார் பிறர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதலுற்றோம்.

வேண்டுதலைப் பற்றி மக்களிடை நிலவும் பிழைபட்ட கருத்துக்கள் மூன்று. முதலாவது, வேண்டுதலை வாணிகமாகக் கருதுதல். இத்துணை வலம், இத்துணை விளக்கு எனக் கொடுத்து, அதற்கு ஈடாக இன்னது பெறுதல் வேண்டும் என எண்ணுவார் இக்கருத்தினர். இரண்டாவது, ஊழே வலிதாகலின் வேண்டுதல் வீண் என்று ஒழிதல். மூன்றாவது, இறைவனிடம் சொல்லிவிட்டோமாதலின் இனி நாம் செய்யக் கிடந்தது யாதுமில்லை என்று தம் கடமையை நெகிழவிடுதல். இவற்றுள் முதலாவது இறைவனை நமக்கு ஏவலனாக்கும். இரண்டாவது அவனை இல்லாதவனாக்கும். மூன்றாவது நம்மையே உணர்வற்ற பொருளாக்கும். மூன்றும் சித்தாந்தத்திற்கு உடன்பாடல்ல.

என்னை? வினை என்பது சடம், தனக்கென அறிவில்லாதது. அறிவில்லாத வினை, தன்னைச் செய்தவனை அறிந்து சென்று பயனை ஊட்டமாட்டாது. உயிரோ தானே வலிந்து தன் துன்பத்தைத் தேடிக்கொள்ளாது. ஆகலின் உயிரையும் வினையையும் பொருத்தி நுகர்விப்பவன் இறைவனே என்பதும், உயிர்கள் இருவினைக்கு ஈடாகப் போக்குவரவு புரிதல் அவன் ஆணையால் நிகழ்வதென்பதும் 13ஆம் நூற்றாண்டில் விளங்கிய மெய்கண்டதேவர் அருளிய சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். எனவே நாம் வேண்டி நிற்பது செவியற்ற ஊழினிடத்தன்று. அவ்வூழைத் தன் ஆணைவழி நடத்தும் பேரறிவாளனிடத்தாம். ஊழ் உண்டு என்பதனாலேயே வேண்டுதல் வீணாகிவிடாமை இதனால் அறிக.

அற்றேல், வேண்டியவாறே அவன் தருதல் வேண்டாவோ எனின், வேண்டா. நோயாளன் தன் நாவிற்கு இனியதையே வேண்டுவான். மருத்துவன் நோய்க்கு உரியதையே கொடுப்பான். ஆணவமலத்தால் மறைப்புண்டு கிடக்கும் உயிர், தனக்கு நலமாவது இன்னது என முழுதும் அறியமாட்டாது. அதன்பொருட்டே இறைவன் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் மாயையினின்று தோற்றுவித்து அதற்கு உதவுகின்றான். இவ்வுடம்பும், மனம் முதலிய கருவிகளும், நாம் வாழும் ஊரும், நமக்கு வந்து பொருந்தும் இன்பதுன்பங்களும் நோக்கமின்றித் தரப்பட்டன அல்ல. மலம் பக்குவமுற்று நீங்குதலும், உயிர் திருவடியைச் சேர்தலுமே அவற்றின் பயன். ஒருவனது வாழ்வின் நோக்கம் யாது என்பார்க்குச் சைவம் கூறும் விடை இதுவே. அந்நோக்கத்தை நோக்கி நாம் செல்லும் வழியே நம் பணியாம்.

இதனை நூல்வழக்கால் மட்டும் கூறின் நெஞ்சிற் பதியாது. ஆதலின், 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்துட் கூறப்படும் ஒரு பெருமாட்டியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அவர் திருநாவுக்கரசு நாயனாரின் தமக்கையாராகிய திலகவதியார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்ப் பிறந்த அவரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்குக் கொடுப்பதாகப் பெற்றோர் உறுதி செய்தனர். திருமணம் நிகழுமுன் கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். அவர் மீளுமுன்னரே தந்தையார் பிணியால் இறந்தார். தாயாரும் உடன் உயிர் நீத்தார். பின்னர்ப் போர்க்களத்திற் கலிப்பகையாரும் மாண்டார் என்னும் செய்தி வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்தார் அம்மையார். இளையவராகிய மருணீக்கியார் அவர் திருவடியில் வீழ்ந்து, தமக்கையாரும் பிரிவாராயின் தாம் அவர்க்கு முன்னரே இறப்பதாகக் கூறி அழுதார். தம்பியார் உயிர்வாழ வேண்டுமென்னும் தயையே அவரை இவ்வுலகில் நிறுத்திற்று. அன்று தாம் உயிர்தாங்கியது எத்துணைப் பெரிய பயனுக்கு என்று அவர் அறிந்திலர். தம்மை நம்பிய ஒரு சிறுவனைக் கைவிடலாகாது என்னும் அளவே அறிந்தார்.

அச்சிறுவர் வளர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்து, நிலையாமையை உணர்ந்து, மெய்ந்நெறி தேடிப் பாடலிபுத்திரம் சென்று சமணநெறி புக்குத் தருமசேனர் எனப் பெயர் பெற்றார். எவர்பொருட்டு உயிர்தாங்கினாரோ அவரும் பிரிந்தார். அந்நிலையில் அம்மையார் செய்தது யாது? கெடிலநதிக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். பொழுது புலருமுன் எழுந்து திருவலகிட்டார், ஆன்சாணத்தால் திருமெழுக்கிட்டார், மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியாரைப் பரசமயத்தினின்றும் மீட்டருளவேண்டும் என்னும் விண்ணப்பத்தைப் பலகாலும் செய்துவந்தார். வேண்டுதல் நிறைவேறும்வரை தொண்டை நிறுத்தி வைத்தாரும் அல்லர். தொண்டு செய்கின்றோமாதலின் வேண்டுதல் மிகையென்று விட்டாரும் அல்லர். இரண்டும் ஒருங்கே நடந்தன.

இறைவன் அவர் கனவில் தோன்றி, அவர் தம்பியார் முன்னைப் பிறப்பில் தவஞ்செய்த முனிவர் என்பதனையும், சூலைநோய் தந்து அவரை ஆட்கொள்ள இருப்பதனையும் அருளிச்செய்தான். தம்பியின் மீட்சியை வேண்டிய தமக்கைக்குக் கிடைத்த விடை, தம்பி நோயுறுவான் என்பது! வேண்டுவார் எவரேனும் இத்தகைய விடையை எதிர்பார்ப்பரோ? சூலை வந்தது. உடனிருந்தார் முயன்றும் அது தீரவில்லை. தருமசேனர் தம் ஏவலாளை விடுத்துத் தமக்கையாரை அழைத்தார். அவர் அங்கு வாராராயினமையின், தாமே இரவிற் புறப்பட்டுத் திருவதிகையை அடைந்து அவர் அடியில் வீழ்ந்தார். அம்மையார் இகழ்ந்துரையாமல் எடுத்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பின்னர்த் திருப்பள்ளியெழுச்சிக் காலத்தே, திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் கையிற்கொண்டு, தம்பியாரை உடன் அழைத்துத் திருக்கோயிலுட் புகுந்தார்.

இவ்விடத்து அன்பர்கள் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். பல்லாண்டு வேண்டிய வேண்டுதல் நிறைவேறிய விடியற்காலை அது. அன்றும் அம்மையார் கையில் அலகு இருந்தது. அன்றைப் பணியை அவர் விட்டுச்செல்லவில்லை. பேறு கிடைத்ததனால் தொண்டு முடிந்துவிடவில்லை. கிடைக்காதிருந்த நாள்களிலும் அது குறைந்திலது. நாடோறும் அவர் அலகிட்டுச் சென்ற அதே வழியே தம்பியார் திருவடிக்குச் செல்லும் வழியாயிற்று. வேண்டுதலுக்கும் பணிக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

இனி ஒரு தடை: துன்பத்தைத் தருதலும் அருளாமோ எனின், ஆம். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில், பெற்றோர் தம் புதல்வரை ஒறுத்தலை எடுத்துக்காட்டி, இறைவன் முனிவும் கருணையே என விளக்குவர். அறக்கருணை, மறக்கருணை எனப் பெரியோர் கூறும் இரண்டும் ஒரு கருணையின் கூறுகளே. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பிறர் துன்புறுதலைக் கண்டு, அது திருவருட்செயல் என்று கூறி வாளாவிருத்தல் சைவமன்று, வன்னெஞ்சமாம். நோய் ஆட்கொள்ளுதற்கு வந்தது என்பதை அறிந்திருந்தும், திலகவதியார் தம்பியார் வந்தபொழுது நீறளித்து வழிகாட்டினாரே அன்றி, நோயின் சிறப்பை எடுத்துரைத்துக்கொண்டிருந்திலர். மேலும், அவர்க்குக் கனவில் உணர்த்தப்பட்டதுபோல நமக்கெல்லாம் உணர்த்தப்படுவதில்லை. நம் வாழ்வில் ஒரு துன்பம் எதன்பொருட்டு வந்ததென்று அறுதியிட்டுக் கூற நாம் வல்லேம் அல்லேம். நம் மாணாக்கரின் அன்னையார் ஏன் பிழைத்திலர் என்பதற்கு நாம் விடை கூறப் புகின் அது பொய்யுரையாய் முடியும். பிராரத்தம் உடலூழாய் நின்று நுகர்ந்து கழியும் என்னும் பொதுவிதியை நூல்கள் கூறும். இன்னார்க்கு இன்னது ஏன் என்பதை அவன் ஒருவனே அறிவான்.

அங்ஙனமாயின் அவர் வேண்டுதல் என்னாயிற்று? எட்டுத் திங்கள் அவர் அன்னையார் பக்கலில் இருந்து, உணவூட்டி, மருந்தளித்து, இரவு விழித்தார். முன்னெல்லாம் சிறு செயலுக்கும் பொறுமையிழக்கும் இயல்பினராகிய அவர் அக்காலமெல்லாம் முகஞ்சுளித்திலர் என்பதை நாம் நேரில் அறிவோம். அவ்வலிமை எங்கிருந்து வந்தது? அவர் கேட்டதை இறைவன் தரவில்லை. ஆனால் கேட்டு நின்ற அவரைக் கைவிடவுமில்லை. இஃது இழப்பிற்கு ஈடாகுமென்று நாம் சொல்லோம். அழுதல் வேண்டாவென்றும் சொல்லோம். வேண்டுதல் வெறுங்காற்றாய்ப் போகவில்லை என்னும் அளவே சொல்வோம்.

எஞ்சியது, இனி எதன்பொருட்டு முயலுதல் வேண்டும் என்னும் வினா. தம் வாழ்வின் நோக்கம் பெரியதொரு செயலாகத் திடீரென்று முன்வந்து நிற்கும் எனப் பலர் காத்திருக்கின்றனர். நாயன்மார் வரலாறுகள் அவ்வாறு கூறவில்லை. தில்லையில் திருநீலகண்டர் குயவர். அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்தார். நேசர் நெசவு செய்பவர். அடியார்க்கு உடையும் கீளும் கோவணமும் நெய்து அளித்தார். நாகையில் அதிபத்தர் மீன்பிடித்தவர். தம் வலையிற் கிடைத்தவற்றுள் ஒரு மீனை இறைவனுக்கென விட்டார். திருவொற்றியூரிற் கலியர் எண்ணெய் வாணிகர், திருவிளக்கு ஏற்றினார். இவருள் எவரும் தம் தொழிலைத் துறந்து நோக்கத்தைத் தேடி அலைந்திலர். கையிலிருந்த தொழிலே திருவடிக்கு உரியதாக்கப்பட்டபொழுது தொண்டாயிற்று. தமக்கையார் கையில் அலகிருந்தது; அவராற் கரையேறிய தம்பியார் கையில் உழவாரம் ஏறிற்று. முதுமையிலும் திருப்புகலூர்த் திருமுற்றத்தில் அவர் உழவாரப்பணி செய்தபொழுது பொன்னும் மணியும் கிடைத்தன. அவற்றையும் பருக்கைக் கல்லோடு ஒப்ப எடுத்து வாவியில் எறிந்து, பணியைத் தொடர்ந்தார்.

சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் மலம், மாயை, வினை என்பன அறுதற்கு இறைபணியில் நிற்றலை ஓதுகின்றது. யான் எனது என்னும் செருக்கற்று, தன் செயலெல்லாம் அவனருளால் நிகழ்வன எனக் கண்டு நிற்றலே அது. அவ்வுயர்நிலை ஒருநாளில் வாய்ப்பதன்று. ஆயினும் அதன் தொடக்கம் எளிது. காலையில் எழுந்து, வேண்டுவதை மறைக்காமல் இறைவனிடம் கூறுக; கூறியபின், அன்றைக்கு நம் கையில் உள்ள செயல் யாதோ அதனை அவனுக்குரியதெனச் செய்க; மாலையில் விளைவை அவன்பால் வைத்துவிட்டு உறங்குக. மறுநாளும் அவ்வாறே செய்க. வேண்டுதல் கைகூடினும் கூடாவிடினும் இவ்வொழுக்கம் மாறாதிருக்குமாயின், அதுவே நம்பிக்கை எனப்படும்.

நம் மாணாக்கர் சென்ற திங்கள் மீண்டும் வந்தார். வேண்டுதலைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. நிறுத்திய பாடத்தை விட்ட இடத்திலிருந்து சொல்லுமாறு கேட்டார். நம் கண் இப்பொழுது மங்கியுள்ளமையின், ஏட்டை அவரே படிக்க, நாம் பொருள் கூறினோம். விடைபெறுமுன் அவர், மறுநாட் காலையில் திருக்கோயில் நந்தவனத்திற்கு நீரிறைக்க ஆள் வேண்டுமோ என வினவினார். வேண்டும் என்றோம்.

திருச்சிற்றம்பலம்