தோல் அளக்கும் கணக்கு எங்கே இருக்கிறது?

கேள்வி: டேனரியில் தோல் அளக்கும் மெஷினுக்குள்ளும் கம்ப்யூட்டர்தானாம். இரும்புக்குக் கணக்கு எப்படிப் புரிகிறது? இந்த ஏற்பாடு எப்போது வந்தது?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: புரிவதே இல்லை. மின்சாரம் உண்டா, இல்லையா. சிப்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் போனால் அந்த மெஷின் அருகே கொஞ்சம் நின்று பாருங்கள். விளக்கு வரிசைக்கும் ஒளி உணரி வரிசைக்கும் நடுவே தோல் நகர்கிறது. தோல் மறைத்த உணரி 1, மறைக்காதது 0. தோல் சற்று நகரும்போதெல்லாம் எத்தனை 1 என்று எண்ணிக் கூட்டி, கடைசியில் சதுர அடியில் காட்டிவிடுகிறது. விளக்கு, உணரி, சிப் எல்லாம் வன்பொருள். 'எண்ணு, கூட்டு, பெருக்கு' என்ற கட்டளை வரிசை மென்பொருள். கட்டளைகளும் நினைவகத்தில் எண்களாகத்தான் கிடக்கின்றன. சிப் ஓர் எண்ணை எடுக்கும், அது எந்தக் கட்டளை என்று பிரித்தறியும், அதற்குரிய மின்சுற்றை இயக்கும். பிறகு அடுத்த எண். ஒரு விநாடிக்குள் இது பல லட்சம் முறை நடந்துவிடும்.

பழைய மெஷின் வேறு ரகம். ஊசிகள் பதித்த சக்கரங்களுக்கு அடியில் தோலைச் செலுத்துவார்கள். தோல் பட்ட ஊசிகள் மேலெழுந்து பற்சக்கரத்தைத் தள்ள, டயலில் அளவு தெரியும். அங்கே கணக்கு இரும்பிலேயே இருந்தது. சதுர மீட்டர் வேண்டுமென்றால் டயலையே மாற்ற வேண்டும்.

முதல் கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். 1946-இல் அமெரிக்கா அறிமுகப்படுத்திய எனியாக்கில் வேறு கணக்குப் போட, கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருக நாள்கணக்கில் ஆகும். கட்டளையை நினைவகத்தில் வைத்து ஓட்டிக் காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். 1948 ஜூன் 21 அன்று, 17 கட்டளைகள் கொண்ட ப்ரோகிராம் 52 நிமிடம் ஓடிச் சரியான விடை தந்தது. கணக்கு இரும்பை விட்டு வெளியே வந்த நாள் அது.

கேள்வி: ஒரு சிப்பில் ஓடும் ப்ரோகிராம் இன்னொன்றில் ஏன் ஓடுவதில்லை?
— அதே வாசகர்

பதில்: எந்த எண்ணுக்கு என்ன வேலை என்ற கட்டளைப் பட்டியல் சிப்புக்குச் சிப்பு வேறு. 1964-இல் ஐபிஎம் தன் 360 கம்ப்யூட்டர் வரிசையில் சின்னது, பெரியது எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியலை வைத்தது. ஒன்றுக்கு எழுதியது மற்றதிலும் ஓடியது. 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய பட்டியல். அதை வைத்துத்தான் சென்னை ஐஐடி 'சக்தி' சிப்பை வடிவமைத்தது. 2018-இல் அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடியது. சிப் புதிது, பட்டியல் பொது. ஆகவே லினக்ஸை முதலிலிருந்து எழுத வேண்டிய அவசியம் வரவில்லை.