வேலைக்காரிக்குப் பயந்தவர் ஆலோசனை சங்கத்தின் முன் நின்றார்

வேத பாடம்: அப்போஸ்தலர் 4:1-31



இந்தப் பாடத்தை எழுதுமுன் என் குறை ஒன்றை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆராதனை முடிகிற நேரம் ஒரு அதிகாரி வாசலில் வந்து நின்றார். "இங்க என்ன கூட்டம்?" என்று அதட்டினார். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஒண்ணுமில்லீங்க சார், சொந்தக்காரங்க வந்திருக்காங்க." அவர் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் என் சின்ன மகள் நிற்கிறாள். "ஏம்ப்பா ஜெபம்னு சொல்லல?" என்றாள். பேதுருவுக்குச் சேவல் கூவியது. எனக்கு என் பிள்ளை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதத்தைத் திறந்தபோது கர்த்தர் இந்த அதிகாரத்தில் என்னை நிறுத்தினார்.

1. தைரியம் சுபாவத்தால் வருவதல்ல

பேதுருவை யோசித்துப் பாருங்கள். எல்லாரும் விட்டு ஓடினாலும் நான் ஓட மாட்டேன் என்று பெருமையாகச் சொன்னவர் அவர் (மத்தேயு 26:33). கெத்செமனேயில் விழித்து ஜெபிக்கச் சொன்னபோதோ தூங்கினார். அதே இரவில் ஒரு வேலைக்காரிப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து மறுதலித்தார்.

அப்போஸ்தலர் 4-ல் அவருக்கு முன் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? அன்னா, காய்பா! இயேசுவை விசாரித்த அதே ஆட்கள்தான். எருசலேமும் அதேதான். பேதுரு மட்டும் பழைய பேதுரு இல்லை. நடுவில் என்ன நடந்தது? ஆண்டவர் அவரைக் கடற்கரையில் சந்தித்துச் சீர்ப்படுத்தினார். மேல்வீட்டில் காத்திருந்து ஜெபித்தார். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் இறங்கினார். 8-ம் வசனத்தைப் பாருங்கள்: பேசுமுன் அவர் பரிசுத்த ஆவியினால் நிறைந்தார் என்று எழுதியிருக்கிறது. அல்லேலூயா!

2. உறுதி உண்டு, மரியாதைக் குறைவு இல்லை

சிலர் நினைக்கிறார்கள், அதிகாரியிடம் சத்தம் போட்டால்தான் விசுவாச வீரன் என்று. அப்படியல்ல. பேதுரு அவர்களை அதிகாரிகள், மூப்பர்கள் என்று மரியாதையாகவே அழைக்கிறார். தேவனுக்குக் கீழ்ப்படிவதா, உங்களுக்கா, நீங்களே நியாயம் பாருங்கள் என்று அவர்களிடமே விடுகிறார். ஆனால் இயேசுவின் நாமத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

சட்டம் தருகிற உரிமையைக் கேட்பதும் அவிசுவாசம் அல்ல. பவுல் தாம் ரோமன் என்று சொல்லி சவுக்கடியைத் தடுத்தார் (22:25). இராயனுக்கு அபயமிட்டார் (25:11).

3. சிமிர்னாவின் சாட்சி

அன்று பேதுருவோடு நின்றவர் யோவான். அந்த யோவானிடம் கற்றவர் என்று சபைச் சரித்திரம் சொல்லும் ஒருவர் பொலிகார்ப்பு. சிமிர்னா சபையின் கண்காணி. அந்தப் பட்டணம் இன்று துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படுகிறது. கி.பி. 155 வாக்கில் அவரைப் பிடிக்கச் சேவகர்கள் வந்தார்கள். அவர் என்ன செய்தார்? அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கச் சொன்னார்! ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். இரண்டு மணி நேரம் ஜெபித்தார்.

தேசாதிபதி கிறிஸ்துவைத் தூஷிக்கச் சொன்னான். எண்பத்தாறு வருஷம் தமக்கு ஒரு தீங்கும் செய்யாத ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று அந்த முதியவர் மறுத்தார். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குரிய கனத்தைக் கொடுக்கும்படி நாங்கள் கற்றிருக்கிறோம் என்றும் அவனிடமே சொன்னார். அக்கினியில் ஜீவனைக் கொடுத்தார்.

அதே சரித்திரத்தில் குயிந்து என்று இன்னொருவன் வருகிறான். அவனை யாரும் பிடிக்கவில்லை. தானாகவே போய் ஒப்புக்கொடுத்தான். காட்டு மிருகங்களைக் கண்டதும் நடுங்கி, இராயன் பேரில் ஆணையிட்டுப் பலி செலுத்திவிட்டான். பொலிகார்ப்போ முதலில் நண்பர்கள் சொல் கேட்டு ஊருக்கு வெளியே ஒதுங்கியிருந்தவர். வம்பை நாமே தேடிப் போகவும் வேண்டாம். வேளை வரும்போது மறுதலிக்கவும் வேண்டாம்.

4. சபை என்ன கேட்டது?

மிரட்டி அனுப்பப்பட்டவர்கள் நேரே சபைக்கு வந்தார்கள். எல்லாரும் ஒருமனப்பட்டு ஜெபித்தார்கள். "ஆண்டவரே, அந்த அதிகாரிகளை அகற்றும்" என்றா? இல்லை. பயமில்லாமல் வசனத்தைச் சொல்ல பெலன் தாரும் என்று கேட்டார்கள் (வச. 29). இடம் அசைந்தது! ஆனால் மிரட்டல் ஓயவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே அடி வாங்குகிறார்கள். சந்தோஷமாக வெளியே வருகிறார்கள்.

நானும் என் மனைவியும் அன்று இரவு முழங்காலில் நின்று அந்த ஜெபத்தைத்தான் ஏறெடுத்தோம். மறுநாள் காலை அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். கால் நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். "சார், நேத்து நான் சொன்னது தப்பு. நாங்க இயேசு கிறிஸ்துவைத் தொழுகிறவங்க. அது ஜெபக்கூட்டம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதை நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

இவ்வளவு லேசாக எல்லாருக்கும் முடியாது. சிறையில் முடிந்தவர்கள் உண்டு; பொலிகார்ப்புக்கு அக்கினியில் முடிந்தது. முடிவு கர்த்தர் கையில். உண்மையாய் இருப்பது நம் கையில். வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். அவள் "ஸ்தோத்திரம்ப்பா" என்றாள்.

தேவபிள்ளையே, நீ மறுதலித்தவனாய் இருக்கலாம். பேதுருவைச் சேர்த்துக்கொண்டவர் உன்னையும் சேர்த்துக்கொள்வார். மேல்வீட்டுக்குத் திரும்பு!

குடும்ப ஜெபத்தில் தியானிக்க:
1. எந்த இடத்தில் என் விசுவாசத்தை மறைக்கிறேன்?
2. என்னை எதிர்க்கிற அதிகாரிக்காக நான் ஜெபித்தது உண்டா?
3. என் பிள்ளைகள் என்னிடத்தில் எதைக் காண்கிறார்கள்?

கர்த்தர்தாமே உங்களைத் திடப்படுத்துவாராக. ஆமென்!