சிவப்புச் சாக்பீஸும் விடுபட்ட சொற்களும்

முக்கியமான சொற்களைச் சிவப்புச் சாக்பீஸால் எழுதுவது என் நெடுநாள் பழக்கம். எங்கள் வகுப்பில் இருப்பது பச்சைப் பலகை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் சரியாக அந்தச் சொற்களை மட்டும் விட்டுவிட்டு எழுதி வருவான். கவனக்குறைவு என்று இரண்டு முறை கடிந்துகொண்டேன். மூன்றாம் முறை, "அங்க ஏதோ அழிச்ச மாதிரி இருக்கு சார்" என்றான். அதே சொற்களை வெள்ளையில் எழுதினேன். தடையின்றிப் படித்தான். கண் மருத்துவரிடம் காட்டியபோது, சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு என்று தெரிந்தது.

நான் அறிவியல் ஆசிரியர். கூம்பு செல்களைப் பற்றிப் பாடம் நடத்துபவன். ஆனாலும் இது எனக்குத் தோன்றவில்லை.

விழித்திரையில் ஏறத்தாழ 60 லட்சம் கூம்பு செல்கள் மூன்று வகைகளாக உள்ளன. எந்த ஒரு வகையும் தனியாக நிறத்தைச் சொல்லிவிடாது. ஒன்றின் தூண்டலை மற்றதோடு ஒப்பிட்ட பிறகே நிறம் பிறக்கிறது. இந்த ஒப்பீடு விழித்திரையிலேயே தொடங்கி, மூன்று தடங்களாக மூளைக்குச் செல்கிறது. சிவப்பா பச்சையா என்பது ஒன்று. நீலமா மஞ்சளா என்பது இன்னொன்று. வெளிச்சம் கூடுதலா குறைவா என்பது மூன்றாவது. எழுத்தின் நுண்ணிய விளிம்புகளைப் பெரும்பாலும் காட்டுவது இந்த மூன்றாவது தடம்தான். வண்ணத் தொலைக்காட்சியை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே வெளிச்சத் தகவலை நுணுக்கமாகவும் நிறத் தகவலைச் சற்றுக் குறைத்தும் அனுப்பினார்கள். பார்ப்பவர்களுக்குக் குறை தெரியவில்லை.

என் பலகையில் சிவப்புக்கும் பச்சைக்கும் நிறம்தான் வேறு. வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு. மற்ற பிள்ளைகள் நிறத்தைக் கொண்டு சமாளித்தார்கள். இவனுக்கு அந்தத் தடம் சரியாக இல்லை.

இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெண்களைவிட ஆண்களிடமே இது அதிகம். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இக்குறை இருந்தது. 1794இல் அதைப் பற்றிக் கட்டுரையே படித்தார். அவரும் பள்ளியில் பாடம் நடத்தியவர்தான்.

இப்போது பலகையைக் கைபேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்கிறேன். எழுத்து மங்கினால் சாக்பீஸை மாற்றுகிறேன். இந்தச் சோதனையும் முழுமையானதல்ல. சிவப்பை உணரும் கூம்பு செல்கள் இல்லாதவர்களுக்குச் சிவப்பு இன்னும் இருண்டு தெரியும். எனவே பலகையில் வெள்ளையும் மஞ்சளும்தான். முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு. வரைபடத்தில் பச்சைச் சமவெளி, பழுப்பு மலை என்று நிறத்தை மட்டும் நம்பாமல் பெயரும் கோடுகளும் சேர்க்கிறோம்.

அவனுடைய குறிப்பேட்டின் பழைய பக்கங்களில் இடைவெளிகள் அப்படியே இருந்தன. ஒரு மதிய இடைவேளையில் இருவருமாக உட்கார்ந்து நிரப்பினோம். மொத்தம் 43 சொற்கள்.