நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோயும் உறைகுளிர்ச் சிகிச்சையும்

கடலூர் முதுநகர்த் துறையில் இறங்கும் மீனைப் பனிக்கட்டியிட்டுக் கெடாமற் காப்பதை யாவரும் அறிவர். காக்கும் அக்குளிரே பன்மடங்கு கடுமையாகும்பொழுது உயிரணுக்களை அழித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜேம்ஸ் ஆர்னாட் என்னும் ஆங்கில டாக்டர், உப்பும் பனிக்கட்டியும் கலந்த கலவையைப் புற்றுக் கட்டிகளின்மீது வைத்து அவற்றைச் சுருங்கச் செய்தார். இன்று அம்முறை நுரையீரலுக்குள்ளும் கையாளப்படுகிறது.

நோய் பரவும் வழி

உடலின் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியே செல்கிறது. ஆகவே குடல், சிறுநீரகம், எலும்பு முதலியவற்றில் தோன்றிய புற்றணுக்கள் இரத்தத்தோடு சென்று அங்கே தங்கிச் சிறு முடிச்சுகளாக வளரக்கூடும். குடலிலிருந்து வந்த முடிச்சு நுரையீரலில் இருப்பினும் அது குடற்புற்றே, மருந்தும் அதற்குரியதே.

உறைய வைக்கும் முறை

சி.டி. ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியை மார்பின் வழியாக முடிச்சுக்குள் செலுத்துவர். ஊசிக்குள் மிகுந்த அழுத்தத்தோடு வரும் ஆர்கான் வாயு நுனியில் விரியும்பொழுது, அந்நுனி பூஜ்யத்திற்குக் கீழே 100 டிகிரி செல்சியஸுக்கும் அதிகமாகக் குளிர்கிறது. முடிச்சைச் சூழ்ந்து பனி உருண்டை உண்டாகிறது. பூஜ்யத்திற்குக் கீழே 40 டிகிரியை எட்டிய புற்றணுக்கள் மடிகின்றன. பின்னர் உருகவிட்டு மீண்டும் உறைய வைப்பர். நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் முதன்முறை குளிர் எளிதிற் பரவாது. உருகும்பொழுது கசியும் நீர் காற்றறைகளை நிரப்பிய பின்னரே நன்கு பரவும். ஆதலால் மூன்று முறை உறைய வைப்பதும் உண்டு.

பயனும் வரம்பும்

2020-இல் வெளியான 'சால்ஸ்டிஸ்' ஆய்வில் 128 நோயாளிகளின் 224 முடிச்சுகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்பட்டது. எந்த முடிச்சும் 3.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதன்று. ஓராண்டிற்குப்பின் நூற்றுக்கு 85 முடிச்சுகள் அடங்கியிருந்தன. எனினும், ஏறக்குறைய நான்கில் ஒரு சிகிச்சையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தமையால், குழாய் வைத்து அதனை வெளியேற்ற நேர்ந்தது. முடிச்சுகள் மிகப் பலவாயினும் பெரியனவாயினும் இம்முறை உதவாது.

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய உண்மை இருக்கிறது. சிறு முடிச்சு வலிக்காது. பெரும்பாலும் இருமலும் தராது. ஸ்கேன் படத்தில் மட்டுமே புலப்படும். ஆகையால், "உடம்பு தேறிவிட்டது" என்று மறுபரிசோதனையைக் கைவிடுபவர், உறைய வைக்கத்தக்க காலத்தையே இழந்துவிடுகிறார்.

கிராமத்திற்கு வந்த குளிர்

இச்சிகிச்சையின் எளிய வடிவம் நம் மாநிலக் கிராமங்களுக்கே வந்ததுண்டு. 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களின் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தனர். புற்றாக மாறக்கூடிய இடங்களைப் பயிற்சி பெற்ற செவிலியரே உறைய வைத்து அகற்றினர். சோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊர்களில், அழைக்கப்பெறாத ஊர்களைவிட நோய் நூற்றுக்கு 25 பங்கும் மரணம் 35 பங்கும் குறைந்தன என 2007-இல் அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே கண்டறிந்ததன் பலன் இது.

நாம் செய்யவேண்டுவன

புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் டாக்டர் குறித்த தேதியில் தவறாது சென்று காட்டவேண்டும். பழைய அறிக்கைகளையும் படங்களையும் ஒருங்கே வைத்திருக்கவேண்டும். இருமல் இரண்டு வாரம் நீடித்தாலோ சளியில் இரத்தம் கண்டாலோ, காசநோய்ச் சோதனையோடு தம் முந்தைய நோயையும் டாக்டரிடம் கூறவேண்டும்.

புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பகுதியினருக்குச் சிதம்பரத்தில் பெரிய மருத்துவமனை உள்ளது. 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அது, இன்று கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. கடலூர்ப் பகுதியினருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை உண்டு. மேற்சிகிச்சை தேவையாயின், புதுவை ஜிப்மரும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் உள்ளன. நிலத்தை ஈடு வைக்குமுன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று மருத்துவமனையிலேயே விசாரித்தறிதல் நலம்.

ஊராட்சித் தலைவர்களும் மகளிர் குழுவினரும், தம் ஊரில் மறுபரிசோதனைக்குச் செல்லாதிருப்பவரை அன்போடு அழைத்துத் துணை சென்று வருவாராயின், அதுவே பேருதவியாகும்.